எல்லை தாண்டிய மாமியார்

அத்தியாயம் 7

முதல் ஆறு அத்தியாயமும் கிழிந்துபோன பிரதி உங்கள் கையில் கிடைத்திருந்தால் கவலைப்படாதீர்கள். அந்த ஆறிலும் நாங்கள் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் ஊரை ஒட்டி ஒரு ஆறு. ஆற்றின் மேல் பாலம். பாலத்தின் நடுவே ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. வீடு இக்கரை, வேலை அக்கரை என்று தினமும் போய்வருகிற நாற்பதாயிரம் பேரை ஏற்றி இறக்குவதற்கென்றே ஒரு வேன் கம்பெனி இருக்கிறது. செல்போனில் சீட் பதிவு செய்தால் போதும். யார் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்பதெல்லாம் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏறிவிடும்.

இரண்டு மாதம் முன்பு அக்கரையில் ஒரு வேலைநிறுத்தம். அன்றைக்கு ஊர்வலம் நடந்த தெருவில் இறங்கியவர்கள் யார் யார் என்று அக்கரை அரசு கம்பெனியைக் கேட்டது. பயணிகளின் விவரம் பாலத்தைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ஆகவே கம்பெனி நெஞ்சை நிமிர்த்தி "தர முடியாது" என்று பதில் எழுதியது. எழுதிய மூன்றாவது வாரத்திலிருந்து அக்கரைச் சோதனைச் சாவடியில் பயணிகளை ஒவ்வொருவராக வேனிலிருந்து இறக்கி, அறைக்குள் கூட்டிப்போய், மணிக்கணக்கில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். இதுவரை ஒன்பது பேர்.

யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். யார்? கம்பெனியின் தகவல் அறைக்குச் சாவி ஒரே ஆளிடம்தான். பதினான்கு வருஷமாக அந்த அறையைக் காக்கிறவர். 'பூட்டு' என்றால்தான் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். சாவி அவரிடம், அதனால் திருடனும் அவரே என்று கம்பெனி முடிவு கட்டிவிட்டது. இன்று நாலு மணிக்கு நிர்வாகக் கூட்டம். அதில் கையெழுத்துப் போட்டு ஆளைப் போலீசில் ஒப்படைப்பார்கள். வெளிநாட்டு அரசுக்குத் தகவல் கொடுத்தால் பத்து வருஷம் ஜெயில்.

எங்களைத் தேடி வந்தவர் பூட்டின் மனைவி. மருந்துக்கடை வைத்திருக்கிறார். அழவில்லை. "அவரு என்கிட்டகூட ஆபீஸ் விஷயத்தைச் சொல்ல மாட்டாரு. அக்கரைக்காரன்கிட்ட சொல்வாரா?" என்று மட்டும் கேட்டார்.

எங்களை என்றால் அண்ணியையும் என்னையும். அண்ணி என் அண்ணனின் மனைவி. இருபது வருஷம் பரீட்சை ஹாலில் பிட்டு பிடித்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறியும் நிலையம் திறந்தவர். மூன்று தொழில் ஆரம்பித்து மூன்றையும் இழுத்து மூடிய என்னை, "சும்மாதானே இருக்கே" என்று அண்ணன் அங்கே தள்ளிவிட்டான். பதவி, உதவியாளர். பணி, அண்ணியின் ஸ்கூட்டரில் பின்சீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொள்வது.

மணி ஒன்றரை. சிக்னலில் நின்றோம்.

"இதுவரைக்கும் எட்டு பேரைப் பார்த்தாச்சு. அதுல எத்தனை பேர் ஊர்வலத்துக்குப் போனவங்க?" என்றார் அண்ணி.

"ஒருத்தரும் இல்ல அண்ணி. ரெண்டு பேர் அன்னைக்கு லீவு. ஒருத்தர் காய்ச்சல்ல படுத்திருந்தாரு. மீதிப் பேர் அந்தத் தெருப் பக்கமே தலைவச்சுப் படுக்கல."

"நிஜமாவே ஊர்வலத்துக்குப் போனவங்க?"

"அவங்க தினமும் வேன்ல ஜன்னல் சீட்ல உட்கார்ந்து காத்து வாங்கிட்டுப் போய்ட்டு வர்றாங்க. ஒரு நாய் கூடக் கேக்கல."

அண்ணி பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

"தம்பி, பூட்டைத் திறந்து உள்ளே போன திருடன் நகையை விட்டுட்டுத் துடைப்பத்தைத் தூக்கிட்டுப் போவானா?"

"கல்யாணமான திருடனா இருந்தா போவான்."

"யாரு எங்க இறங்கினாங்கங்கிற விவரம்தான் அந்த அறையில இருக்கு. அது போயிருந்தா ஊர்வலத்துக்குப் போனவங்கதானே மாட்டியிருக்கணும்? போகாதவங்க மாட்டியிருக்காங்க. அப்ப அந்த அறையிலேருந்து எதுவுமே போகல. வேற என்னமோ போயிருக்கு."

இதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஆறு அத்தியாயம் அலைச்சல் மிச்சம். சொன்னால் ஸ்கூட்டரிலிருந்து இறக்கிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பதாவது ஆள் ஒரு முடிதிருத்துபவர். வாரத்தில் ஐந்து நாள் இங்கே சொந்தக் கடை, புதன்கிழமை மட்டும் அக்கரையில் ஒரு பெரிய சலூனில் வேலை. நாங்கள் போனபோது ஒருவருக்குப் பாதி முகம் மழித்திருந்தார். மீதிப் பாதியில் நுரை. அண்ணி 'துப்பறியும் நிலையம்' என்றதும் கத்தியை மேஜையில் வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். நுரைக்காரர் கண்ணாடி வழியாக எங்களை முறைத்தார்.

"சாவடியில என்ன கேட்டாங்க?"

"மூணு மணி நேரம் உக்கார வச்சாங்க மேடம். 'மடியில கனமில்லேன்னா வழியில பயமெதுக்கு'ன்னு திரும்பத் திரும்ப அதையே கேட்டாங்க. நான் எங்க பயந்தேன்? அவங்க கூப்பிட்டப்புறம்தான் பயமே வந்துச்சு."

அண்ணி என்னைப் பார்த்தார். மற்ற எட்டு பேரிடமும் இதே வசனம்தான். இவர்கள் எதற்கோ பயப்படுகிறார்கள் என்று அக்கரைக்காரர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வேற ஏதாவது?"

அவர் தொண்டையைக் கனைத்தார். "வேற... சிரிக்கக் கூடாது. 'உங்க மாமியாருக்கும் உங்களுக்கும் என்ன தகராறு'ன்னு கேட்டாங்க."

"அடப்பாவி!" என்றேன் நான். "அதைக் கேக்குறதுக்கு ஒரு அரசாங்கமா? எங்க தெருவுல சும்மாவே கேப்பாங்களே!"

"தம்பி, வாயை மூடு. மாமியார் எங்க இருக்காங்க?"

"அக்கரையிலதான் மேடம். நான் வேலை பார்க்கிற சலூனுக்கு ரெண்டு தெரு தள்ளி. புதன்கிழமை நான் அங்க வர்றது அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா அவ்ளோதான். அவங்க மாடியில குடியிருக்கிறவங்க, கீழ் வீட்டுக்காரங்க, எதிர்வீட்டுக் குழந்தைங்க, எல்லார் தலையும் எனக்காக வரிசையில நிக்கும். அதான் மறைச்சு வச்சிருக்கேன்."

"இதை யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. என் பொண்டாட்டிக்கே தெரியாது. அவங்க அம்மாவாச்சே!"

"போன்ல பேசினது? செய்தி அனுப்பினது?"

"ஐயோ, எழுத்துல வைப்பேனா?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். முகம் மாறியது. "ஒரே ஒரு தடவை எழுதினேன். மூணு மாசம் முன்னாடி வேன் கம்பெனி செல்போன்ல ஒரு கேள்வி அனுப்புச்சு. 'புதுச் சட்டத்தின்படி, உங்கள் பயண விவரங்களை நாங்கள் சேமித்து வைக்கச் சம்மதமா?'ன்னு. கீழ ரெண்டு கட்டம். 'சம்மதம்', 'வேண்டாம்'. 'வேண்டாம்'ங்கிறதை அமுக்கினா 'காரணம் எழுதுக'ன்னு வந்துச்சு. என்ன எழுதுறதுன்னு தெரியல. உண்மையை எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"'புதன்கிழமை நான் எங்கே இறங்குகிறேன் என்பது என் மாமியாருக்குத் தெரியக்கூடாது.'"

நுரைக்காரர் நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கடைக்கு வெளியே வந்ததும் அண்ணி என்னிடம் போனை நீட்டினார். "மத்த எட்டு பேருக்கும் போடு. ஒரே கேள்வி. அந்தக் கட்டத்துல என்ன அமுக்கினாங்க?"

போட்டேன். முதல் ஆள், வேண்டாம். இரண்டாவது, வேண்டாம். மூன்றாவது ஆள் ஒரு தையல்கார அம்மாள். "நீங்க யாரு இதைக் கேக்க?" என்று திட்டிவிட்டு வேண்டாம் என்றார். எட்டு பேரும் வேண்டாம். நாற்பதாயிரம் பேர் படிக்காமலே சம்மதம் என்று அமுக்கிவிட்டு நிம்மதியாகப் போய்வருகிறார்கள். உட்கார்ந்து படித்துப் பார்த்து, யோசித்து, என் விவரத்தை வைக்காதே என்று சொன்னவன்தான் மாட்டிக்கொண்டான். நல்லதுக்குக் காலமில்லை என்பது இதுதான்.

கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. நாலாவது மாடி வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் பூட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், சட்டைக் கைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி. அறைச் சாவியைக் காலையிலேயே பிடுங்கிக்கொண்டார்களாம்.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. "சம்மதம்னு சொன்னவங்க விவரம் உங்க அறையில இருக்கு. 'வேண்டாம்'னு சொன்னவங்க பேரெல்லாம் எங்க இருக்கு?"

"என் அறையில இல்லீங்க. சேமிக்க வேண்டாம்னு சொன்னவங்களைச் சேமிப்பு அறையில வைக்கக்கூடாதுன்னு சட்டப்பிரிவு சொல்லிட்டாங்க. அவங்களே வச்சிருக்காங்க."

"பூட்டியா?"

"பூட்டி வச்சா அதுவும் சேமிப்பாயிடுமாம். அதனால எல்லாரும் பார்க்கிற பொதுக் கம்ப்யூட்டர்ல சும்மா போட்டு வச்சிருக்காங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். எடுத்து வைத்துக்கொள் என்றவனை இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். யாருக்கும் காட்டாதே என்றவனைத் தெருவில் காயப்போட்டிருக்கிறார்கள்.

பூட்டின் மனைவிக்குக் கோபம் வந்தது. "இதை ஏங்க நீங்க முன்னாடியே சொல்லல?"

"மாட்டினவங்க யாருன்னே எனக்குச் சொல்லலையே. எல்லாரும் என்னை 'சாவி யார்கிட்ட'ன்னுதான் கேட்டாங்க. என்கிட்டன்னு சொன்னேன்."

"ஐயோ, என் ராசாவே" என்று அந்த அம்மாள் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

நான் அண்ணியிடம், "அப்புறம் என்ன? விடுவிச்சிட வேண்டியதுதானே?" என்றேன்.

"அவசரப்படாதே. இவரு அறையிலேருந்து போகலன்னு மட்டும்தான் தெரியும். யாரு அனுப்பினாங்கன்னு கையில காகிதம் இல்லாம உள்ளே போனா, பொதுக் கம்ப்யூட்டர்லேருந்தும் இவருதான் எடுத்தாருன்னு சொல்லிடுவாங்க."

நாலு மணிக்குக் கதவு திறந்தது.

நீள மேஜை. தலைமாட்டில் கம்பெனி முதலாளியம்மா. அவருக்கு வலது பக்கம் சட்டப்பிரிவுத் தலைவர். அலுவலகத்தில் அவருக்கு 'உட்பிரிவு' என்று பெயர். மழை பெய்தால்கூட எந்த விதியின்கீழ் பெய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குடை விரிப்பாராம். மேஜையின் கடைசியில் எங்கள் பக்கத்து அரசின் தகவல் பாதுகாப்புத் துறையிலிருந்து ஒரு அதிகாரி. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் இருந்த பிஸ்கட்டை மட்டும் அக்கறையாகக் காலிசெய்துகொண்டிருந்தார். போலீசுக்கான கடிதம் தயாராக மேஜைமேல் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

முதலாளியம்மா, "அஞ்சு நிமிஷம் தர்றேன். சொல்லுங்க" என்றார்.

அண்ணி யார்மீதாவது குற்றம் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் உட்பிரிவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சார், பயணிகளோட உரிமையை இந்தக் கம்பெனியில காப்பாத்துற ஒரே ஆள் நீங்கதான்னு வெளியில பேசிக்கிறாங்க. 'வேண்டாம்'னு சொன்னவங்க விருப்பத்தை யாருமே மதிக்கலன்னு ஒரு புகார் வந்திருக்கு. எனக்கு நம்பிக்கையில்ல. ஆனாலும் மதிச்சதுக்கு ஏதாவது அத்தாட்சி இருந்தா..."

பிட்டு அடிக்கிறவனிடம் பிட்டு எங்கே என்று கேட்கக்கூடாது, கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று சொல்லவேண்டும் என்பது அண்ணியின் இருபது வருஷப் பாடம்.

உட்பிரிவின் முகம் பூவாக மலர்ந்தது. "அத்தாட்சியா? இதோ!" என்று பச்சைக் கோப்பு ஒன்றைத் திறந்தார். "அக்கரை அரசு எல்லார் விவரமும் கேட்டாங்க. தர முடியாதுன்னு முதலாளியம்மா எழுதினாங்க. அது மொட்டையா இருந்துச்சு. விதி ஏழு, உட்பிரிவு மூணு என்ன சொல்லுது? மறுத்தவங்க விருப்பத்தை, விவரம் கேக்கிறவங்களுக்குத் தெளிவாத் தெரிவிக்கணும். அதனால நான் தனியா ஒரு கடிதம் அனுப்பினேன். படிக்கிறேன், கேளுங்க. 'கீழ்க்கண்ட நானூற்றுப் பன்னிரண்டு பேரைப் பற்றி எங்களிடம் எந்த விவரமும் இல்லை. ஆகவே இவர்களைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம்.' இணைப்பு ஒண்ணு, அவங்க பெயர், முகவரி, போன் நம்பர், மறுத்ததற்கான காரணம்."

முதலாளியம்மா கையில் எடுத்திருந்த பேனாவை மூடி வைத்தார்.

"பதிவுத் தபால்ல அனுப்பினேன். கிடைச்சுதுன்னு அவங்க முத்திரை போட்ட சீட்டுகூட இருக்கு" என்று அதையும் எடுத்து அண்ணி கையில் கொடுத்தார். "பட்டியல் பாக்கணுமா? காகிதத்துல நகல் வச்சா அதுவும் சேமிப்பாயிடும். பொதுக் கம்ப்யூட்டர்லேயே இருக்கு." சொல்லிக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினார். எதிர்ச் சுவரில் இருந்த பெரிய திரையில் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரும் வீட்டு முகவரியும் காரணமும் வரிசையாக ஓட ஆரம்பித்தன. சாவடியில் மாட்டிய ஒன்பது பேரும் மேலிருந்து முதல் ஒன்பது வரியில் இருந்தார்கள். ஒன்பதாவது வரியில் மாமியார்.

"அட கிறுக்கா!" என்றார் முதலாளியம்மா. கம்பெனிக் கூட்டக் குறிப்பில் இந்த வார்த்தை எப்படிப் பதிவானது என்று எனக்குத் தெரியாது.

"பயண விவரம் ஒண்ணுகூடப் போகலையே!" என்றார் உட்பிரிவு. அந்த மனிதருக்குக் கடைசிவரை புரியவேயில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறுதல் அடைந்திருப்பேன்.

முதலாளியம்மா போலீஸ் கடிதத்தை நாலாகக் கிழித்தார். பூட்டை உள்ளே கூப்பிட்டார்கள். மனைவியும் கூடவே வந்து சுவரோரம் நின்றார்.

"தப்பு எங்க பேர்லதான். மன்னிச்சிடுங்க. இந்தாங்க சாவி" என்றார் முதலாளியம்மா. "முதல்ல இந்தப் பட்டியலை என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

பூட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அண்ணி, "மீதி நானூத்தி மூணு பேர் இன்னும் பாலம் தாண்டிட்டிருக்காங்க. அவங்களுக்கு உடனே சொல்லணும்" என்றார்.

"செய்தி அனுப்பவும் அவங்க சம்மதம் வாங்கணும்" என்றார் உட்பிரிவு. "படிவம் தயாரிக்கப் பத்து நாள் ஆகும்."

இதற்கு முதலாளியம்மா என்ன பதில் சொன்னார் என்பதை நான் இங்கே எழுத முடியாது. இரண்டு பேரும் மேஜைக்குக் குறுக்கே கத்திக்கொண்டிருக்கும்போதுதான் அந்த அதிகாரி பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அந்தப் பட்டியல்ல எங்க துறைக்கும் ஒரு நகல் வேணும்."

"எதுக்கு சார்?" என்றார் அண்ணி.

"அவங்க பாதுகாப்புக்குத்தான். 'வேண்டாம்'னு சொல்றவங்க யாரு யாருன்னு தெரிஞ்சாத்தானே அவங்களை நாங்க பாதுகாக்க முடியும்?" குரலில் சர்க்கரை சொட்டியது. பிறகு பூட்டின் பக்கம் திரும்பினார். "காரணம் எழுதின பகுதியோட வேணும். உங்க மேல இருந்த சந்தேகம் இப்பத்தான் தீர்ந்திருக்கு. நல்ல பேரைக் கெடுத்துக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன்."

முதலாளியம்மா மேஜையைப் பார்த்தார். அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் ஒரு வேன்கூடப் பாலத்தில் ஏறாது என்பது எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பதில் சொல்ல வேண்டியது அண்ணியும் இல்லை. கால்மணி நேரம் முன்பு பத்து வருஷத்திலிருந்து தப்பிய மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஒரு பொத்தானை அமுக்கிக் கொடுத்துவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கொடுத்திருந்தால் நான் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன்.

பூட்டு திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையாட்டவுமில்லை, கண்ணைக் காட்டவுமில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவரில் ஓடிக்கொண்டிருந்த பெயர்கள் சட்டென்று மறைந்தன. திரை வெள்ளையாக நின்றது.

அதிகாரி எழுந்துவிட்டார். "என்ன பண்ணீங்க?"

"மொதல்ல எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன் சார். 'உங்கள் பெயர் அக்கரைக்குப் போய்விட்டது. பாலத்தைத் தாண்டாதீர்கள்'னு. அப்புறம் பட்டியலை அழிச்சிட்டேன். திரும்ப எடுக்க முடியாது."

"யாரைக் கேட்டு அழிச்சீங்க? யார் உங்களுக்கு அனுமதி கொடுத்தாங்க?"

பூட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"நானூத்திப் பன்னிரண்டு பேரும் எழுதியே கொடுத்திருக்காங்க சார். மூணு மாசம் முன்னாடியே."